உள்ளங்கால் காந்தினால் எதை முதலில் மாற்றுவது: ஷூவா, சாக்ஸா, இன்சோலா?

நாள் முழுக்க நடக்கும் நீண்ட நடையில் பதினைந்து கிலோமீட்டர் வரை ஒன்றும் தெரியாது. அதற்குப் பிறகு உள்ளங்கால் மெல்லச் சூடேறி, இருபதைத் தொடும்போது தணல்மேல் நடப்பதுபோல் காந்த ஆரம்பிக்கும். இதற்கு எல்லோரும் சட்டென்று சொல்லும் வைத்தியம், "மெத்தென்று ஒரு இன்சோல் வாங்கிப் போடு" என்பது. ஷூவுக்குள் பாதத்தின் அடியில் விரிக்கும் தகட்டைத்தான் இன்சோல் என்கிறோம். பல நேரம் எரிச்சலைக் கூட்டுவதே அந்த இன்சோல்தான். ஷூவுக்குள் இருக்கும் இடம் அளவானது. பழைய இன்சோலின் மேலேயே 5 மி.மீ. மெத்தை ஒன்றைப் போட்டால், அந்த 5 மி.மீ. பாதத்துக்கு இல்லாமல் போகிறது. மதியத்துக்குள் வீங்கிவிட்ட பாதம் இன்னும் நெருக்கப்படும், வியர்வை போக வழியிருக்காது, சூடு ஏறும்.

அதனால் இந்த ஒப்பீடு கடை அலமாரியின் வரிசையில் போகவில்லை. முதலில் இடம், அடுத்து ஈரம், அதற்குப் பிறகுதான் மெத்தை. காசு செலவாகாத வழிகளும் இந்த வரிசையில் தானாகவே முன்னால் வந்துவிடுகின்றன.

எங்கே எரிகிறது, எப்போது எரிகிறது?

ஷூவைக் கழற்றியதும் என்ன ஆகிறது என்று கவனியுங்கள். காற்றுப் பட்ட ஐந்து பத்து நிமிடத்தில் எரிச்சல் அடங்கினால், காரணம் பெரும்பாலும் வெப்பம், ஈரம், நெருக்கம் மூன்றில் ஒன்று. பாதத்தின் தோல் வெளுத்துச் சுருங்கி, நெடுநேரம் துணி துவைத்த கை மாதிரி இருந்தால் வியர்வையில் ஊறிவிட்டது என்று பொருள். ஊறிய தோல் மெத்தென்றாகி வரிவரியாக மடியும். அந்த மடிப்புகளின் மேல் நடப்பதே ஒரு வேதனை.

எரிச்சல் முன்பாதத்தில், அதாவது விரல்களுக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் மட்டும் இருந்து, கல் பாதையில் கூடினால் அது அழுத்தத்தால் வருவது. மூன்றாவது, நான்காவது விரல்களுக்கு நடுவே சுரீரென்று இழுத்து, சாக்ஸுக்குள் கூழாங்கல் கிடப்பதுபோல் தோன்றினால், பாத எலும்புகளுக்கு இடையே ஓடும் நரம்பு நசுங்குகிறது. மருத்துவர்கள் மோர்ட்டன் நியூரோமா என்பது இதைத்தான். முனை குறுகிய ஷூ இதற்குப் பரம விரோதி. நாணய அளவில் ஓரிடம் மட்டும் சுடுகிறதென்றால் அங்கே கொப்புளம் கிளம்பப் போகிறது. விரலிடுக்கில் அரிப்போடு எரிந்து தோல் உரிந்தால் சேற்றுப்புண். அதற்கு ஷூவை மாற்றிப் பயனில்லை, பூஞ்சைக்கான களிம்புதான் வேண்டும்.

காலையில் படுக்கையை விட்டு எழுந்து வைக்கும் முதல் அடியிலேயே குதிகாலில் குத்தி, நடக்க நடக்கக் குறைவது வேறு நோய். உள்ளங்காலின் நீளத்துக்கு ஓடும் தசைநார்ப் பட்டை புண்பட்டிருப்பதன் அறிகுறி அது. இங்கே சொல்லப்போவதில் முக்கால்வாசி அதற்குப் பொருந்தாது.

காசில்லாத வைத்தியம்: லேஸ்

காலையில் கட்டிய கட்டு காலைநேரப் பாதத்துக்கு உரியது. நாள் முழுக்க நடந்தால் பாதம் அரை அளவு, சிலருக்கு ஒரு முழு அளவு பெரிதாகும். லேஸ் மட்டும் அதே இறுக்கத்தில் இருக்கும். நண்பகலில் ஒருமுறை லேஸை விரல் பக்கம் வரை முழுக்கத் தளர்த்தி, புதிதாகக் கட்டிப் பாருங்கள். எரிச்சல் பாதியாகக் குறைந்தால் வேறு எதையும் வாங்க வேண்டாம்.

சிக்கல் என்னவென்றால், எல்லாவற்றையும் தளர்த்தினால் குதிகால் மேலும் கீழும் நழுவும். இறக்கத்தில் விரல்கள் ஷூவின் முனையில் போய் இடிக்கும். முன்பாதம் தளர்வாகவும் கணுக்கால் இறுக்கமாகவும் இருக்க வேண்டும். இதற்கு இரண்டு கட்டு தெரிந்தால் போதும்.

ஒன்று, நடுவில் போடும் தடுப்பு முடிச்சு. பாதம் வளைந்து கணுக்காலை நோக்கி ஏறும் இடத்தில் இரு லேஸையும் ஒரு சுற்றுக்குப் பதில் இரண்டு அல்லது மூன்று சுற்று ஒன்றோடொன்று முறுக்கி இழுங்கள். அந்த முறுக்கு பூட்டுப் போட்டதுபோல் நின்றுவிடும். அதற்குக் கீழே தளர்வு, மேலே இறுக்கம், இரண்டும் ஒன்றோடொன்று கலக்காது.

இரண்டு, குதிகால் பூட்டு. பல ஷூக்களில் கடைசி ஓட்டையைத் தாண்டி ஒரு கூடுதல் ஓட்டை சும்மா இருக்கும். அது இதற்காக வைத்ததுதான். லேஸை எதிர்ப்பக்கம் கொண்டுபோகாமல், அதே பக்கத்தின் அந்தக் கூடுதல் ஓட்டைக்குள் விட்டு விரல் நுழையும் அளவுக்கு ஒரு சின்ன வளையம் விடுங்கள். மறுபக்கமும் அப்படியே. இப்போது இடது நுனியை வலது வளையத்துக்குள்ளும், வலது நுனியை இடது வளையத்துக்குள்ளும் நுழைத்து, குதிகால் பக்கமாகப் பின்னோக்கி இழுங்கள். மேல்நோக்கி இழுத்தால் வளையம் இறுகாது, இந்தக் கட்டு வேலை செய்யவில்லை என்று பலரும் கைவிடுவது அதனால்தான். இறுக்கியபின் வழக்கமான முடிச்சு.

பாதத்தின் மேல்பக்கம் ஓரிடத்தில் மட்டும் மரத்துப்போனால், அந்த இடத்துக்கு மேலே வரும் குறுக்கு லேஸை எடுத்துவிட்டு, அந்த ஓட்டையிலிருந்து நேராக அடுத்த ஓட்டைக்கு ஏற்றுங்கள். நசுங்கும் இடத்தில் ஒரு ஜன்னல் திறந்த மாதிரி ஆகும்.

சாக்ஸ்

பருத்தி சாக்ஸைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. வியர்வையைக் குடித்துத் தன்னிடமே வைத்துக்கொள்ளும், கசங்கும், காயாது. நீண்ட நடைக்கு வேண்டாம். உண்மையான போட்டி மெரினோ என்ற ஆட்டினத்தின் மெல்லிய கம்பளிக்கும் நைலான், பாலியெஸ்டர் போன்ற செயற்கை நூலுக்கும் இடையில்தான்.

மெரினோ தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை நூலுக்குள் இழுத்துக்கொண்டும் தொட்டால் காய்ந்த மாதிரியே இருக்கும். மூன்று நாள் போட்டாலும் நாற்றம் குறைவு. ஆனால் காய நேரமாகும், குதிகாலில் சீக்கிரம் ஓட்டை விழும். அதனால்தான் நல்ல சாக்ஸ்களில் நைலானும் கொஞ்சம் எலாஸ்டிக்கும் சேர்த்து நெய்திருப்பார்கள். நூறு சதம் கம்பளி என்று எழுதியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம், கலப்புதான் உழைக்கும். செயற்கை நூல் சாக்ஸ் ஈரத்தை வெளியே தள்ளிவிட்டு விரைவில் காயும், விலையும் குறைவு. வெயிலில் நடந்து, ஓடைகளைக் கடந்து, பாதையிலேயே துவைத்துக் காயப்போடுகிறவர்களுக்கு மெல்லிய செயற்கை சாக்ஸ் பொருந்தும். குளிர், பல நாள் பயணம், துவைக்க வசதியில்லை என்றால் மெரினோ.

தடிமனில்தான் பலர் ஏமாறுகிறார்கள். தடித்த சாக்ஸ் மெத்தையாக இருக்கும் என்று தோன்றும். ஆனால் இன்சோலுக்குச் சொன்ன கணக்கு இதற்கும் உண்டு: ஷூவில் இடம் இல்லையென்றால் தடித்த சாக்ஸ் வெறும் போர்வை. எரிச்சல் வெப்பத்தாலும் நெருக்கத்தாலும் வருகிறவர்களுக்கு மெல்லிய அல்லது நடுத்தர சாக்ஸே நல்லது.

உள்ளே ஒரு மெல்லிய உறை, மேலே ஒரு சாக்ஸ் என்று இரண்டு அடுக்காகப் போடுவது பழைய முறை, காரணத்தோடு வந்த முறை. கொப்புளம் என்பது தோலின் மேற்பரப்பு தேய்வதால் மட்டும் வருவதில்லை. சாக்ஸோடு ஒட்டிய தோல் ஓரிடத்தில் நிற்க, உள்ளே எலும்பு முன்னும் பின்னும் நகர்கிறது. நடுவில் இருக்கும் தோலின் அடுக்குகள் இரு பக்கமும் இழுபட்டு, ஆயிரக்கணக்கான அடிகளில் ஒன்றிலிருந்து ஒன்று விலகுகின்றன. விலகிய இடத்தில் நீர் கோத்துக்கொள்கிறது. 20 கி.மீ. தூரத்துக்கு ஒரு காலுக்கு மட்டும் ஏறக்குறைய 14,000 அடி என்பதை நினைத்துப் பாருங்கள். இரண்டு சாக்ஸ் இருந்தால் அந்த இழுபறி துணிக்கும் துணிக்கும் நடுவே நடக்கும், தோல் தப்பிக்கும். கொப்புளம் வழக்கமாக வருகிறவர்களுக்கு இது நல்ல வழி. வெறும் காந்தல் மட்டும் உள்ளவர்களுக்கு இது கூடுதல் சூடு.

விரல் விரலாகப் பிரிந்த சாக்ஸ் பார்க்க வேடிக்கையாக இருக்கும். விரலிடுக்கில் ஈரம் தங்கித் தோல் உரிகிறவர்களுக்கு அதைவிடச் சிறந்தது இல்லை. மற்றவர்களுக்குத் தேவையில்லை. முனை குறுகிய ஷூவில் அது விரல்களை மேலும் நெருக்கும்.

எந்த சாக்ஸ் என்பதைவிட எத்தனை ஜோடி என்பது முக்கியம். மூன்று போதும். ஒன்று காலில், ஒன்று பையின் வெளிப்புறத்தில் ஊக்கு போட்டுக் காய்ந்துகொண்டு, ஒன்று தூங்கும்போது மட்டும் போட. தூங்கும் ஜோடியை என்ன ஆனாலும் நடக்கப் போடக்கூடாது. நண்பகலில் மாற்றும்போது கழற்றியதை உள்பக்கம் வெளியே திருப்பி உதறுங்கள். காய்ந்த வியர்வையின் உப்பும் நுண்மணலும் சேர்ந்து சாக்ஸை உப்புத்தாள் ஆக்கிவிடும். இரண்டு நாளுக்கு ஒருமுறை வெறும் தண்ணீரில் அலசினாலே அது போய்விடும்.

ஷூ

முதலில் அளவு, பிறகுதான் வகை. ஷூவிலிருந்து இன்சோலை உருவித் தரையில் வைத்து, நடக்கப் போடும் சாக்ஸோடு அதன் மேல் முழு எடையையும் கொடுத்து நில்லுங்கள். உட்கார்ந்துகொண்டு செய்தால் பயனில்லை, எடை விழும்போதுதான் பாதம் விரியும். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் மீதி இருக்க வேண்டும். அந்த நீளமான விரல் பெருவிரலாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, பலருக்கு இரண்டாவது விரல். பக்கவாட்டில் சுண்டுவிரலோ பெருவிரலின் மேடோ இன்சோலின் விளிம்பைத் தாண்டி வழிந்தால் அந்த ஷூ உங்களுக்கு அகலம் போதாது. நீளத்தில் ஒரு அளவு கூட்டி அந்தக் குறையைச் சரிக்கட்ட முடியாது. பாதம் மடங்கும் இடமும் ஷூ மடங்கும் இடமும் ஒன்றுக்கொன்று தள்ளிப்போய் வேறு வலி வரும். அகலப் பதிப்பு உள்ள ஷூவையே தேடுங்கள். அளவு பார்ப்பது மாலையில், கொஞ்ச தூரம் நடந்துவிட்டு. இரண்டு பாதமும் ஒரே அளவில் இல்லையென்றால் பெரியதற்கு வாங்க வேண்டும்.

வகையில் போட்டி மூன்று பேருக்கு: கணுக்காலை மூடும் தோல் பூட், பாதையில் ஓடுவதற்கான வலைத்துணி ஷூ, பட்டை வைத்த செருப்பு.

எரிச்சலை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொன்னால் வலைத்துணி ஷூவுக்குத்தான் முதலிடம். ஒரு ஜோடி 600 கிராம் அளவில் இருக்கும், தோல் பூட் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். காலில் கூடும் ஒரு கிலோ, முதுகில் நான்கு முதல் ஆறு கிலோ கூடியதற்குச் சமமாகச் சக்தியை உறிஞ்சும். வலைத்துணியில் காற்று புகும், நனைந்தாலும் நடந்தே சில மணி நேரத்தில் காயவைத்துவிடலாம். குறை என்னவென்றால் சீக்கிரம் தேயும். அடியில் இருக்கும் நுரை 500 முதல் 800 கி.மீ.க்குள் உயிரை விட்டுவிடும். வெளிப்புறம் புதிதுபோல் இருந்தாலும் நுரையின் பக்கவாட்டில் கிடைமட்டச் சுருக்கங்கள் நிரந்தரமாக விழுந்திருந்தால், மேசைமேல் வைத்துப் பின்னாலிருந்து பார்க்கும்போது ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், அது முடிந்தது. ஆறு மாதம் நன்றாக இருந்த ஷூ திடீரென்று காந்த ஆரம்பித்ததன் காரணம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

ஆனால் கூர்கற்கள் நிறைந்த பாதையில் மட்டும் முன்பாதம் எரிகிறவர்களுக்கு மிருதுவான ஷூ எதிர்வேலை செய்யும். ஒவ்வொரு கல்லும் நுரையை நசுக்கிக்கொண்டு ஒரு புள்ளியில் குத்தும். இவர்களுக்கு வேண்டியது இன்னும் மெத்தை அல்ல, விறைப்பு. அடிப்பாகத்துக்குள் கல் தாங்கும் தகடு வைத்த ஷூ, அல்லது விறைப்பான அடி கொண்ட பூட், கல்லின் குத்தலைப் பாதம் முழுக்கப் பரப்பிவிடும். கனமான சுமை, பனி, சரியும் கற்குவியல் என்றாலும் பூட்தான். புது பூட்டை நேராகப் பயணத்துக்குப் போட்டுப் போகாதீர்கள். வீட்டுக்குள் ஒரு மணி, பிறகு 5 கி.மீ., பிறகு 10 என்று இரண்டு மூன்று வாரம் பழக்குங்கள்.

நீர்புகாச் சவ்வு வைத்த ஷூவை வெப்பமான பருவத்தில் தவிர்ப்பது நல்லது. சவ்வு ஆவியை வெளியேவிடும் என்பது உண்மைதான். ஆனால் பாதம் வியர்க்கும் வேகத்துக்கு அது ஈடுகொடுப்பதில்லை. வெளியிலும் சூடும் ஈரமும் இருந்தால் ஆவி போக இடமே இல்லை. ஓடையில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர் வந்துவிட்டால் அதே சவ்வு உள்ளே புகுந்த நீரைப் பத்திரமாகக் காப்பாற்றி வைக்கும், இரவு முழுக்கக் காய்ந்தாலும் காலையில் ஈரம் இருக்கும். குளிரிலும் ஈரப்புல் பாதையிலும் மட்டுமே அதற்கு மதிப்பு.

செருப்பு வியர்வைப் பிரச்சினையை அடியோடு ஒழிக்கும். பதிலுக்குப் பட்டை பதியும் இடமெல்லாம் தேயும், மணலும் சிறுகல்லும் உள்ளே வரும், காய்ந்த குதிகாலில் வெடிப்பு விழும். ஓடை கடக்கவும் முகாமில் பாதத்தை ஆற்றவும் இரண்டாவது ஜோடியாக வைத்துக்கொள்ள நன்று.

குதிகாலும் முன்பாதமும் ஒரே உயரத்தில் இருக்கும் ஷூக்கள் விரலுக்கு நிறைய இடம் தருகின்றன, அதற்காகவே பலர் மாறுகிறார்கள். மாறுவதானால் ஒரு மாதத்துக்குமேல் எடுத்துக்கொண்டு படிப்படியாக மாறுங்கள். உள்ளங்கால் எரிச்சல் போய், கெண்டைக்காலும் குதிகால் தசைநாரும் பிடித்துக்கொண்டால் என்ன லாபம்?

இன்சோல்

இடமும் ஈரமும் சரியான பிறகும் முன்பாதம் எரிந்தால்தான் இங்கே வர வேண்டும். ஜெல் இன்சோல் கடையில் அழுத்திப் பார்க்கும்போது சொர்க்கம். நடையில் அது கனம், காற்றுப் புகாது, ஒவ்வொரு அடியிலும் பாதத்தைக் கொஞ்சம் வழுக்கவிடும். காற்றுப் புகும் நுண்துளைகள் உள்ள நுரை இன்சோல் இலேசானது, ஆனால் சீக்கிரம் தட்டையாகும். பாதத்தின் நடுக் குழிவைத் தாங்கும் விறைப்பான இன்சோல், நடுப்பாதமும் எடையில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும்படி செய்து முன்பாதத்தின் சுமையைக் குறைக்கும். முதல் வாரம் ஒரு மணி, இரண்டு மணி என்று மட்டும் போட்டுப் பழக்க வேண்டும், இல்லையென்றால் குழிவிலேயே வலிக்கும். எதை வாங்கினாலும் ஷூவோடு வந்த இன்சோலை எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும்.

முன்பாத எரிச்சலுக்கும், விரல் நடுவே சுரீரென்று இழுப்பதற்கும், முழு இன்சோலைவிட ஒரு சின்ன பேட் அதிகம் உதவும். துளி வடிவத்தில், சில மி.மீ. உயரத்தில் இருக்கும். எலும்புகளை இலேசாகத் தூக்கி விரித்து நடுவிலிருக்கும் நரம்புக்கு மூச்சுவிட இடம் கொடுப்பது அதன் வேலை. இதைப் பத்தில் எட்டுப்பேர் தப்பாகத்தான் ஒட்டுவார்கள் என்று பந்தயம் கட்டலாம்: வலிக்கிற இடத்துக்கு நேர் கீழே. அப்படி ஒட்டினால் வலிக்கிற இடத்துக்கே கூடுதல் அழுத்தம். சரியான இடத்தைக் கண்டுபிடிக்க, அழுத்தினால் அதிகம் வலிக்கும் புள்ளியில் உதட்டுச்சாயத்தால் ஒரு பொட்டு வையுங்கள். வெறுங்காலோடு ஷூவுக்குள் கவனமாக நுழைத்து எழுந்து நின்றால் இன்சோலில் பொட்டு பதியும். பேட்டின் முன் விளிம்பு அந்தப் பொட்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவு குதிகால் பக்கமாகத் தள்ளி வரவேண்டும். நின்றால் பாதக் குழிவின் முன்முனையில் ஏதோ மேடு தட்டுப்படுவதுபோல் இருக்கும். முதலில் டேப்பால் தற்காலிகமாக ஒட்டி, அரை மணி நடந்து, முன்னும் பின்னும் 3 மி.மீ. நகர்த்திப் பார்த்து முடிவுசெய்த பிறகு பசையின் மேல்தாளை உரித்து நிரந்தரமாக ஒட்டுங்கள்.

தோலின் மேல் என்ன போடுவது?

வாசலின் போன்ற களிம்பு, பவுடர், வியர்வை அடக்கி, டேப். நான்கில் பலரும் கை நீட்டுவது முதல் இரண்டுக்கு. எங்கள் வாக்கு கடைசிக்கு.

களிம்பு முதல் ஒரு மணி நேரம் உராய்வை நன்றாகக் குறைக்கும். பிறகு தோலிலும் சாக்ஸிலும் இறங்கிவிடும். மிருதுவாகிப்போன தோலில் உராய்வு முன்பைவிடக் கூடிவிடுவதும் உண்டு. இரண்டு மணிக்கொருமுறை துடைத்துவிட்டுப் பூசத் தயார் என்றால் பயன்படுத்தலாம். மண் ஒட்டும், டேப் ஒட்டாது. பவுடர் சிறு நடைக்குச் சரி. வியர்வை அதிகமானால் கட்டிகட்டியாகத் திரண்டு அதுவே உறுத்தும். சேற்றுப்புண்ணுக்கான மருந்துப் பவுடரை இரவில் விரலிடுக்கில் போடுவது வேறு விஷயம், அது நல்லது.

வியர்வை அடக்கியைப் பற்றி ஒரு தெளிவான சோதனை இருக்கிறது. 1998-இல் வெளியானது, அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரி மாணவர்களிடம் 21 கி.மீ. நடையில் செய்தது. 20 சதவீத அலுமினியம் குளோரைடு ஹெக்சாஹைட்ரேட் கரைசலைக் குறைந்தது மூன்று இரவு முன்கூட்டியே பூசியவர்களில் 21 சதவீதம் பேருக்குக் கொப்புளம் வந்தது. மருந்தில்லாத வெறும் கரைசல் பூசியவர்களில் 48 சதவீதம் பேருக்கு. பாதிக்கும் கீழே! ஆனால் அதே சோதனையில் மருந்து பூசியவர்களில் 57 சதவீதம் பேருக்குத் தோல் எரிச்சலும் அரிப்பும் வந்தன, மற்றவர்களில் வெறும் 6 சதவீதம். காந்தலுக்கு வைத்தியம் தேடுகிறவர் இன்னொரு காந்தலை வாங்கிக்கொள்ளும் ஆபத்து இது. பாதம் சொட்டச் சொட்ட வியர்க்கிறவர்கள் மட்டும், பயணத்துக்குப் பல வாரம் முன்பே, சின்ன இடத்தில் பூசிப் பார்த்துவிட்டு முயலலாம்.

டேப்பில் இரண்டு வகை. காயக்கட்டு ஒட்டப் பயன்படும் சாதாரணக் காகித டேப் மலிவு, மெல்லியது, இலேசாகத்தான் ஒட்டும். இலேசாக ஒட்டுவதே அதன் நன்மை, உரிக்கும்போது தோலையும் சேர்த்து எடுத்துவராது. 2016-இல் வெளியான ஆய்வு ஒன்றில், பாலைநிலங்களில் பல நாள் நடக்கும் சுமார் 250 கி.மீ. ஓட்டங்களில் கலந்துகொண்ட 128 பேரின் காலில் இந்தக் காகித டேப்பை ஒட்டிப் பார்த்தார்கள். ஒட்டிய இடங்களில் கொப்புளம் 40 சதவீதம் குறைந்தது. மற்றது துத்தநாக ஆக்சைடு பசை உள்ள விறைப்பான டேப், லூக்கோடேப் என்ற பெயரில் விற்பது மாதிரி. இரண்டு மூன்று நாள் தண்ணீரிலும் வியர்வையிலும் அசையாது. கொப்புளம் கிளம்பிவிட்ட இடத்தில் நேராக ஒட்டினால் உரிக்கும்போது அதன் கூரையான மேல்தோலும் கையோடு வரும். வராமல் தடுக்க விறைப்பான டேப், ஏற்கெனவே நொந்த தோலுக்குக் காகித டேப் என்று வைத்துக்கொள்ளலாம்.

முன்பாதத்தில் ஒட்டும் முறை: ஆல்கஹால் துடைப்பானால் எண்ணெய்ப்பசை போகத் துடைத்து முழுக்கக் காயவிடுங்கள். 5 செ.மீ. அகல டேப்பை வெட்டி நான்கு மூலையையும் கத்தரியால் வட்டமாக்குங்கள். கூர் மூலைதான் முதலில் சாக்ஸில் மாட்டிச் சுருளும். விரல்களை மேல்நோக்கி வளைத்து, முன்பாதத் தோல் விரிந்து நிற்கும் நிலையில், நடுவிலிருந்து இருபக்கமும் தடவி ஒட்டுங்கள். டேப்பை இழுத்து ஒட்டக்கூடாது. முனைகள் பக்கவாட்டில் ஏறி நிற்கட்டும், ஆனால் பாதத்தைச் சுற்றி முழு வளையமாக ஒன்றுசேர வேண்டாம். மதியம் பாதம் வீங்கும்போது அது கயிறு கட்டியதுபோல் இறுக்கும். உள்ளங்கையை வைத்து ஒரு நிமிடம் அழுத்தினால் சூட்டில் பசை பிடிக்கும். சாக்ஸை இழுத்து மாட்டாமல் சுருட்டி விரித்து மாட்டுங்கள். ஒரு சுருக்கம் விழுந்தாலும் உரித்துவிட்டுப் புதிதாக ஒட்ட வேண்டியதுதான்.

நடுவழியில்

சூடு தெரிந்த உடனே நிற்பதைவிட நல்ல மருந்து இல்லை. "அடுத்த முகாமில் பார்த்துக்கொள்ளலாம்" என்பது ஒரு கொப்புளத்தின் விலை. இரண்டு மணிக்கொருமுறை பத்து பதினைந்து நிமிடம் ஷூ, சாக்ஸ் இரண்டையும் கழற்றி, இன்சோலையும் உருவி வெயிலில் வைத்து, காலைப் பையின் மேல் தூக்கி வைத்துப் படுங்கள். சும்மா உட்கார்ந்தால் வீக்கம் வடியாது.

ஓடைத் தண்ணீரில் காலை விடுவதா வேண்டாமா என்பதில் இரு கட்சி உண்டு. குளிர்நீர் வீக்கத்தையும் காந்தலையும் உடனே தணிக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அரை மணி ஊறவிட்டால் தோல் மிருதுவாகும், ஈரத்தோடு சாக்ஸ் போட்டால் அடுத்த ஒரு மணியில் கொப்புளம். ஐந்து நிமிடம் போதும். விரலிடுக்கு வரை துடைத்து, பத்து நிமிடம் காற்றில் காயவிட்டு, மாற்று சாக்ஸ் போட்டுப் புறப்படலாம். அதற்கு நேரமில்லையென்றால் தண்ணீரை நாள் முடிவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரவில் உலர்ந்த காலில் 10 சதவீத யூரியா களிம்பு தடவினால் குதிகால் வெடிக்காது. காலையில் தடவக்கூடாது.

தடித்த காய்ப்பு பாதுகாப்பு என்று நம்பி வளர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அதன் அடியில் கொப்புளம் வந்தால் நீரை வெளியேற்றுவது மிகக் கடினம். பயணத்துக்கு முந்தைய வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக உரசி மட்டப்படுத்துங்கள். நகங்களை மூன்று நாள் முன்பே நேராக வெட்டிவிடுங்கள். கைத்தடி இரண்டு வைத்திருந்தால் இறக்கத்தில் பாதத்துக்கு விழும் அடி குறையும். பையிலிருந்து இரண்டு கிலோ இறக்கினால், எந்த இன்சோலும் செய்யாத வேலையை அது செய்யும்.

கொப்புளம் வந்தேவிட்டால், சின்னதாக, வலிக்காமல் இருந்தால் தொடாதீர்கள். பெரிதாகி நடக்கவிடாமல் செய்தால், கிருமி நீக்கிய ஊசியால் ஓரத்தில் மூன்று நான்கு சின்ன ஓட்டை போட்டு நீரை மெல்ல அழுத்தி வெளியேற்றுங்கள். மேல்தோலைக் கிழித்து எடுக்காதீர்கள், அதைவிட நல்ல கட்டு உலகத்தில் கிடையாது. உள்ளே இரத்தம் இருந்தால், அல்லது சர்க்கரை நோய் இருந்தால் குத்தவே வேண்டாம். கூரை ஏற்கெனவே பொத்துப்போன புண்ணுக்கு கசியும் நீரை உறிஞ்சிக்கொள்ளும் ஹைட்ரோகொலாய்டு பிளாஸ்டர் போட்டு, அது தானாகக் கழலும்வரை விட்டுவிடலாம். சுற்றிலும் சிவந்து சூடாகி, கோடுபோல் மேலேறினால் நடையை நிறுத்தி மருத்துவரிடம் போக வேண்டும்.

ஷூவால் தீராதவை

நடக்காத நாளிலும், இரவில் படுத்தபின்னும் இரண்டு பாதமும் எரிந்தால், கூடவே மதமதப்போ ஊசி குத்துவதோ இருந்தால், கடைக்குப் போவதற்கு முன்னால் இரத்தப் பரிசோதனை. சர்க்கரை நோயும் வைட்டமின் பி12 குறைவும் நரம்பைப் பாதித்து இப்படித்தான் சாக்ஸ் மூடும் பகுதி முழுக்க எரியவைக்கும். சர்க்கரை நோய் மாத்திரையான மெட்ஃபார்மினைப் பல ஆண்டு சாப்பிடுகிறவர்களுக்குப் பி12 குறைய வாய்ப்பு உண்டு. சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்னொரு ஆபத்து, உணர்ச்சி குறைந்த பாதத்தில் கொப்புளம் வந்ததே தெரியாது. ஒவ்வொரு இடைநிறுத்தத்திலும் கண்ணால் பார்த்தே ஆகவேண்டும்.

கடைசியாக, வலி மாத்திரை. உடலில் நீர் வற்றிய நிலையில் ஐபுப்ரோஃபென் சிறுநீரகத்துக்குச் சுமை. அதைவிட மோசம், அது மறைத்துவைக்கும் வலி. பாதத்தின் மேல்பக்கம் ஓர் எலும்பின் மேல் விரல்நுனி அளவு இடத்தை அழுத்தினால் துள்ளவைக்கும் வலி இருந்து, நாளுக்கு நாள் சீக்கிரமாகவே தொடங்கினால் அது எலும்பில் விழுந்த மயிரிழைக் கீறலாக இருக்கலாம். ஒற்றைக் காலில் நின்று எம்பிப் பார்க்கவே முடியவில்லை என்றால் மாத்திரை போட்டுத் தொடராமல், பக்கத்தில் எங்கே வண்டிப் பாதை இருக்கிறதோ அங்கே இறங்கிவிட வேண்டும். ஆரம்பக் கட்டக் கீறல் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம், அதனால் படத்தில் ஒன்றும் இல்லை என்று அடுத்த வாரமே பையைத் தூக்கக் கூடாது.